இந்த ஆண்டு படித்ததில் பிடித்தது: லேடி பேர்ட் ஜான்சனும் 123 மணி நேர ஒலிநாடாவும்

நூலகத்தூசி

வருஷக் கடைசி. வழக்கம்போல இழையைத் திறந்து வைக்கிறேன். புத்தகம் இந்த ஆண்டு வெளிவந்ததாக இருக்க வேண்டியதில்லை, இந்த ஆண்டு நீங்கள் படித்து முடித்ததாக இருந்தால் போதும். இருபது தலைப்பை அடுக்கிவிட்டு ஓடாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்றும் சொல்லுங்கள்.

என் கணக்கில் ஜூலியா ஸ்வெய்க் எழுதிய லேடி பேர்ட் ஜான்சன் வாழ்க்கை வரலாறு. 'ஹைடிங் இன் ப்ளெயின் சைட்' என்ற பெயரில் 2021ல் வந்தது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி. அதிபர் மனைவி வரலாறு என்றாலே கவுன், விருந்து, திரைச்சீலை நிறம் என்று நினைத்துப் பலரும் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை. நானும் இந்தப் புத்தகத்தை எடுத்தது ஒரே காரணத்துக்காக: ஒலிநாடா.

1963 நவம்பர் 22, டல்லாஸ். கென்னடி சுடப்பட்டபோது ஊர்வலத்தில் இரண்டு கார் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் இவர். அன்று மாலை விமானத்தில் வாஷிங்டன் திரும்பும்போது கணவர் அதிபராகியிருந்தார். அடுத்த சில நாட்களிலேயே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு நடந்ததைப் பேச ஆரம்பித்தார். 1969 ஜனவரியில் வெள்ளை மாளிகையைக் காலி செய்யும்வரை விடவில்லை. மொத்தம் 123 மணி நேரம். முதல் பதிவில் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் வலது கையுறை வருகிறது, ரத்தம் காய்ந்து கெட்டிப்பட்ட கையுறை. உடை மாற்ற உதவிக்கு யாரையாவது அனுப்பட்டுமா என்று இவர் கேட்கிறார். வேண்டாம், என்ன செய்தார்கள் என்பதை அவர்களே பார்க்கட்டும் என்கிறார் ஜாக்குலின். கென்னடி கொலையை விசாரித்த வாரன் குழுவுக்கு லேடி பேர்ட் சாட்சியமாகக் கொடுத்ததும் இந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தைத்தான்.

1970ல் அவரே இதில் ஒரு சிறு பகுதியைப் புத்தகமாகப் போட்டார். மீதி அவருடைய காலத்துக்குப் பிறகுதான் முழுசாகத் திறந்தது. ஸ்வெய்க் அந்த மீதியைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

---

பின்பெஞ்ச்

தூசி சார், நீங்க சொன்னா படிச்சுடுவேன், அது வேற விஷயம். ஆனா ஒரு சந்தேகம். தானே பேசி, தானே பதிவு பண்ணி, தானே கொஞ்சத்தை எடுத்துப் புத்தகமும் போட்டுட்டு, மிச்சத்தைப் பெட்டியில பூட்டி வச்சிருக்காங்க. நாளைக்கு ஆராய்ச்சியாளர் வந்து கேட்பார்னு தெரிஞ்சே பேசின பேச்சு. அதை நம்பி ஒரு வரலாறா?

---

துபாஷி

பின்பெஞ்ச் தம்பி, அப்படிப் பார்த்தால் நாட்குறிப்பு எதையுமே நம்ப முடியாது. நம்மிடமே ஒன்று இருக்கிறதே. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761ல் சாகும்வரை எழுதியது. பிற்பாடு புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். அதிலும் ஒரு 'முதல் பெண்மணி' வருகிறார்: துய்ப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர், தனக்கென்று ஒற்றர்களை வைத்துக்கொண்டு கவர்னரின் காதில் ஓதியவர். பிள்ளைக்கு அந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது. 1748ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டபோது பாதிரிமாரோடு சேர்த்து அவர் தலையிலும்தான் பழியைப் போடுகிறார்.

அந்த அம்மாள் தன் பக்கத்தைச் சொல்லி ஒரு நாட்குறிப்பும் நம் கையில் இல்லை. 270 வருஷமாக நாம் அவரைப் பிள்ளையின் கண் வழியாகவே பார்க்கிறோம். எனவே ஒரு கவர்னர் மனைவியோ அதிபர் மனைவியோ தானே உட்கார்ந்து பேசி வைத்துவிட்டுப் போனால், பொய் கலந்திருந்தாலும் அது நமக்கு லாபம். சலித்து எடுக்கிற வேலை நம்முடையது.

---

மாடிவீட்டு மல்லி

நான் இந்தப் புத்தகத்தைப் போன வருஷமே முடித்துவிட்டேன், அதனால் என் ஓட்டு செல்லாது. ஆனால் ரயிலைப் பற்றி யாரும் பேசாமல் போய்விடப் போகிறீர்கள் என்று பயந்து எழுதுகிறேன்.

1964 ஜூலை 2ல் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். உணவகத்தில், ஓட்டலில், பேருந்து நிலையத்தில் கறுப்பர்களைத் தள்ளி வைப்பது இனிச் சட்டவிரோதம். தென் மாநிலங்கள் கொதித்துப் போகின்றன. நவம்பரில் தேர்தல். ஜான்சன் அந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று கட்சிக்காரர்களே நடுங்குகிறார்கள். அப்போது இந்த அம்மா, நான் போகிறேன் என்று கிளம்புகிறார். அவர் டெக்சாஸின் கிழக்கு ஓரத்தில் கார்னாக் என்ற சிற்றூரில் பிறந்தவர், அம்மா வழி அலபாமா. அந்தப் பேச்சு வழக்கு, அந்த உறவுமுறை எல்லாம் அத்துப்படி.

அக்டோபர் 6லிருந்து 9 வரை, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ரயில் ஏறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கும்வரை 1,628 மைல், எட்டு மாநிலங்கள், 47 இடங்களில் பேச்சு. கணவர் துணையில்லாமல் ஓர் அதிபர் மனைவி தானாகப் பிரசாரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. வெடிகுண்டு பயத்தில் முன்னால் தனியாக ஓர் எஞ்சினை ஓட விட்டார்கள். வழியில் இருந்த ஆளுநர்களையும் செனட்டர்களையும் இவரே போனில் அழைத்திருக்கிறார். மேடையில் நிற்கப் பயந்தவர்கள் பட்டியல் நீளம்.

தென் கரோலினாவில் 'கறுப்புப் பறவையே, வீட்டுக்குப் போ' என்று அட்டை பிடித்து நின்றார்கள். கொலம்பியா நகரில் பேசவே விடாமல் கூச்சல். கையை உயர்த்தினார். இது பல கருத்து உள்ள நாடு, உங்கள் கருத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, இப்போது என் முறை என்றார். குரலை உயர்த்தவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில், பின்புறத் திண்ணை மாதிரியான மேடையில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொல்கிற ஆளை 'பூச்செடி நட்ட அம்மா' என்று மட்டும் எப்படி அம்பது வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள்?

---

கணக்குப்பிள்ளை

மல்லி அக்கா, ரயில் பிரமாதம். ரிசல்ட்டையும் சொல்லிடுங்க. அந்த எட்டு மாநிலத்துல வர்ஜீனியா, வட கரோலினா, ஃப்ளோரிடா மூணும் கிடைச்சுது. தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா அஞ்சும் எதிர்த்து நின்ன கோல்ட்வாட்டருக்குப் போச்சு. நாடு முழுக்க ஜான்சன் அலை அடிச்ச தேர்தல்ல இது.

எனக்குப் பிடிச்சது காசு விவகாரம். 1943ல தனக்கு வந்த பரம்பரைச் சொத்துல 17,500 டாலர் போட்டு ஆஸ்டின்ல நொடிச்சுக் கிடந்த கேடிபிசி வானொலி நிலையத்தை வாங்கினாங்க. பெருக்கித் துடைச்சதுல இருந்து கடன் பாக்கி வசூல் வரைக்கும் தானே பாத்தாங்கன்னு சொல்வாங்க. 1952ல தொலைக்காட்சி உரிமமும் வந்துது. ரொம்ப வருஷம் ஆஸ்டின்ல வேற போட்டியே கிடையாது. புருஷன் அப்போ செனட்ல. உரிமம் கொடுக்கிறது மத்திய ஆணையம். புரியுதா? ஸ்வெய்க் இந்தப் பகுதியை வேகமாத் தாண்டிடறாங்க. எனக்கு அது குறைதான். சாமர்த்தியமும் நிஜம், செல்வாக்கும் நிஜம். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பேசியிருக்கணும்.

---

நூலகத்தூசி

கணக்குப்பிள்ளை சொன்னது நியாயமான குறை. ஸ்வெய்க்கின் கவனம் 1963லிருந்து 1969 வரைதான். அதற்கு முந்தையது ஓட்டமாகப் போகிறது.

பின்பெஞ்சின் கேள்விக்கு வருகிறேன். இவருடைய பேச்சை அப்படியே நம்பச் சொல்லவில்லை. வேறு சான்றுகளோடு ஒட்டிப் பார்க்கலாம், அதுதான் இந்த விஷயத்தில் ருசி. ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து வைத்தவர். 1964 மார்ச் 7ல் அவர் பத்திரிகையாளர் சந்திப்பை முடித்ததும் மனைவி போன் செய்கிறார். என் விமர்சனத்தை இப்போதே ஒரு நிமிஷம் கேட்கிறீர்களா, ராத்திரிவரை காத்திருக்கிறீர்களா என்கிறார். இப்போதே சொல் என்கிறார் அவர். முகம் திடமாக, நம்பும்படி இருந்தது. ஆனால் பேச்சில் வேகம் அதிகம், குனிந்து குனிந்து காகிதத்தையே பார்த்தீர்கள். மதிப்பெண் 'பி பிளஸ்'. உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த ஆள், மறுபக்கத்தில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். செனட்டில் ஆட்களின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற ஜான்சனை மட்டுமே தெரிந்தவர்களுக்கு இது வேறு ஆள்.

இன்னொன்று, புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான். 1964 மே மாதம். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று ஜான்சன் குழம்பிக் கிடக்கிறார். 1955ல் வந்த பெரிய மாரடைப்பு மனதில் இருக்கிறது. அந்தக் குழப்பம் வாரக் கடைசி ஓய்வுக்குப் போன இடத்திலும் தொடர்கிறது. லேடி பேர்ட் உட்கார்ந்து, நின்றால் என்ன, விலகினால் என்ன என்று எழுதிக் கொடுக்கிறார். விலகுவதானால் வாசிக்க அறிக்கையும் தயார். ஆனால் அவருடைய யோசனை வேறு: நில்லுங்கள், ஜெயித்தால் மூன்று வருஷத்துக்கு மேல் முடிந்ததைச் செய்யுங்கள், 1968 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிடுங்கள்.

ஜான்சன் அப்படி அறிவித்தது 1968 மார்ச் 31.

வியட்நாம் அவரைத் துரத்தியது என்று நாம் படித்த கதை தப்பில்லை. ஆனால் துரத்துவதற்கு நாலு வருஷம் முன்பே வீட்டுக்குள் மாதம்வரை குறித்த ஒரு காகிதம் இருந்திருக்கிறது.

---

பின்பெஞ்ச்

சார், அந்தக் காகிதம் செமை. ஒத்துக்கறேன்.

ஆனா வியட்நாம்னு ஆரம்பிச்சுட்டீங்க, அப்போ எர்த்தா கிட் பத்திப் பேசியே ஆகணும். 1968 ஜனவரி 18. வெள்ளை மாளிகையில சாதனைப் பெண்கள் அம்பது பேருக்கு மதிய விருந்து. தலைப்பு, தெருவில் பெருகும் குற்றம். பாடகி எர்த்தா கிட் எழுந்து நிக்கறாங்க. நாட்டோட நல்ல பிள்ளைகளையெல்லாம் குண்டடி பட அனுப்பறீங்க, அதான் பசங்க கலகம் பண்றாங்கன்னு லேடி பேர்ட் முகத்துக்கு நேரா சொல்றாங்க. அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில வந்தது என்ன? 'முதல் பெண்மணி கண்ணீர்.' கண்ணீரே வரலன்னு லேடி பேர்டே சொன்னாங்க, யார் கேட்டா? கிட்டுக்கு அமெரிக்காவுல வாய்ப்பு நின்னு போச்சு. ஐரோப்பாவுல போய்ப் பாடிப் பொழைச்சாங்க. சிஐஏ அவங்களைப் பத்தி ஒரு கோப்பே தயார் பண்ணி வச்சிருந்தது 1975ல அம்பலமாச்சு.

எல்லாரும் அந்த அம்மாவோட தைரியத்தைப் பேசறோம். அந்த அறையில தைரியம் யாருகிட்ட இருந்தது?

---

ஆஸ்டின்வாசி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் இருப்பது ஆஸ்டினில். இங்கே லேடி பேர்ட் என்றால் யாருக்கும் வியட்நாம் நினைவுக்கு வராது, ஏப்ரலில் நெடுஞ்சாலை ஓரத்தில் நீலமாக விரியும் புளூபானட் பூதான் வரும். ஊர் நடுவில் கொலராடோ ஆற்றைத் தேக்கிய ஏரிக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தபோது, உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்றுவிட்டார். 2007 ஜூலையில், 94 வயதில், மறைந்த பிறகுதான் வைத்தார்கள்.

மல்லி அக்கா 'பூச்செடி நட்ட அம்மா' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பூச்செடியும் லேசான அரசியல் இல்லை. 1965ல் வந்த நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம், சாலையோரத்து ராட்சத விளம்பரப் பலகைகளையும் பழைய கார் குப்பை மேடுகளையும் குறிவைத்தது. விளம்பரப் பலகை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்புக்குப் பெரும் பணம் இறங்கியது. மசோதாவில் 'வணிகத் துறைச் செயலர்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'லேடி பேர்ட்' என்று போடலாம் என கான்சாஸ் உறுப்பினர் பாப் டோல் கிண்டலாக ஒரு திருத்தமே கொண்டு வந்தார். தோற்றது. சட்டம் அக்டோபர் 22ல் கையெழுத்தானது. ஆனால் வெளியே வந்தபோது பல் பாதி போய்விட்டது. வணிகப் பகுதிகளுக்கு விலக்கு, பலகையை அகற்றினால் உரிமையாளருக்கு இழப்பீடு. இன்றைக்கும் ஹூஸ்டன் போகிற வழியில் பல் வைத்தியர் சிரிப்பும் வக்கீல் சிரிப்பும் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

(நம் ஊர் பிளெக்ஸ் பேனர்களை நினைத்துக்கொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்தேன். எந்த அமைச்சர் வீட்டு அம்மாவாவது இதில் கை வைப்பார்களா?)

---

மாடிவீட்டு மல்லி

பின்பெஞ்ச், கிட் விஷயத்தில் உன் கோபம் புரிகிறது. அந்த அறையில் தைரியம் கிட்டிடம்தான் இருந்தது, சந்தேகமே இல்லை. அவர் இழந்ததற்கு லேடி பேர்ட் நேரடியாகக் காரணமில்லை என்றாலும், அந்த வீட்டின் கோபம்தான் காரணம்.

ஆனால் அடுத்து லேடி பேர்ட் என்ன பதில் சொன்னார் என்பதையும் பார். குரல் நடுங்குகிறது. போர் நடக்கிறது என்பதற்காக மற்ற நல்ல காரியங்களை நாம் விட்டுவிட முடியாது என்கிறார். அதோடு, நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நான் வாழவில்லை, உங்களைப் போல எனக்குப் புரியாது என்றும் சொல்கிறார். வெளியே போ என்று சொல்லவில்லை. எனக்கு அது பதிலாகவும் படுகிறது, நழுவலாகவும் படுகிறது.

அதே ஆள் நழுவாத இடமும் உண்டு. ரயில் ஓடிக்கொண்டிருந்த அதே அக்டோபர் 7 இரவு, வாஷிங்டனில் வால்டர் ஜென்கின்ஸ் கைதாகிறார். 1939லிருந்து ஜான்சன்களோடு இருந்த உதவியாளர், ஆறு பிள்ளைகளின் அப்பா. இன்னொரு ஆணோடு பிடிபட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒரு வாரத்தில் செய்தி வெடிக்கிறது. தேர்தலுக்கு மூன்றே வாரம். ஜான்சன் எட்டி நில் என்கிறார். அந்த போன் பேச்சும் நாடாவில் இருக்கிறது: இவர் விடுவதாக இல்லை. ஜென்கின்ஸுக்கு நம் வானொலி நிலையத்தில் வேலை தருவோம் என்கிறார், வேண்டாம் என்கிறார் அவர். நாம் ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நம்மோடு இருக்கிறவர்கள் எல்லாரையும் இழப்போம் என்று வாதாடுகிறார். கடைசியில் தன் பெயரிலேயே அறிக்கை விடுகிறார்: நாட்டுக்கு உழைத்து உழைத்துக் களைத்துப் போன ஒருவருக்காக மனம் வலிக்கிறது என்று. 1964ல், அப்படி ஒரு வழக்கில் மாட்டியவருக்காக, வேறு எந்த அரசியல்வாதி வாயைத் திறந்திருப்பார்?

---

கணக்குப்பிள்ளை

இழையில ஒரே ஆளைப் பத்தியே போயிட்டு இருக்கு, தூசி சார் திட்டப் போறார். என் புத்தகம் மிஷேல் ஒபாமாவோட 'பிக்கமிங்', 2018ல வந்தது, நான் இப்பதான் கையில எடுத்தேன். சிகாகோ தெற்குப் பகுதி வீட்டு மாடியில வளர்ந்த கதைவரைக்கும் அருமை. வெள்ளை மாளிகைக்குள்ள போனதும் வார்த்தை ஒவ்வொண்ணையும் வக்கீல் கண்ணோட பார்த்துப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு. புருஷன் வருஷா வருஷம் டிசம்பர்ல பிடிச்ச புத்தகப் பட்டியல் போடறார், அதுல இருக்கிற தாராளம் இதுல இல்லை.

நம்ம ஜனாதிபதி மனைவிகளைப் பத்தி ஏன் ஒரு நல்ல புத்தகம் வரலை? ஆர். வெங்கட்ராமன் மனைவி ஜானகி அம்மா ஒரு தடவை, பூச்சியைக் கொல்லாம பட்டு நெய்ய முடியாதான்னு கேட்டாங்களாம். ஆந்திராவுல கைத்தறித் துறையில வேலை பார்த்த குசுமா ராஜையா அதைப் பிடிச்சுக்கிட்டு அகிம்சைப் பட்டு பண்ணினார். அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி எப்படிப்பட்ட மனுஷி இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆசை.

---

துபாஷி

எழுதுவதற்கு நாட்குறிப்போ கடிதமோ இருந்தால்தானே எழுதுவார்கள் ஐயா. நம் வீட்டுப் பெரியவர்கள் போனதும் முதலில் எடைக்குப் போவது அவர்கள் காகிதம்தான்.

---

பின்பெஞ்ச்

மல்லி அக்கா, ஜென்கின்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. அதுக்கு மரியாதை.

ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. தனக்குத் தெரிஞ்ச, வீட்டோட இருந்த ஒருத்தருக்காகப் புருஷனையே எதிர்த்தாங்க. சண்டை பண்ணத் தெரியாதவங்க இல்லைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. அப்போ போர் விஷயத்துல ஏன் அந்தக் குரல் வரலை? அந்த 123 மணி நேரத்துல வியட்நாம் வருது, கவலையா வருது, தூக்கம் கெடுது. தப்புன்னு எங்கேயாவது வருதா?

---

நூலகத்தூசி

நேரான கேள்வி. ஸ்வெய்க் இதை எழுப்புகிறார், ஆனால் அழுத்திப் பிடிக்கவில்லை. கணவரின் வேதனையை விவரிப்பதில் லேடி பேர்டுக்கு இருக்கும் கூர்மை, அந்த வேதனைக்குக் காரணமான முடிவுகளைப் பற்றிப் பேசும்போது மங்கிவிடுகிறது. போர் அவருக்கு வானிலை மாதிரி, வந்து கவிகிறது, யாரும் செய்தது இல்லை. பாதுகாப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா, உண்மையிலேயே நம்பினாரா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ஆனால் 1968 மார்ச் 31ஐ அவருடைய குரலில் படித்துவிட்டு வாருங்கள். அன்று காலை ஏழு மணி. மூத்த மகள் லிண்டா கலிபோர்னியாவிலிருந்து இரவு விமானத்தில் வந்து இறங்குகிறாள். கல்யாணமாகி நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. மரைன் படையில் கேப்டனான கணவர் சக் ராபை வியட்நாமுக்கு வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். அப்பாவிடம் கேட்கிறாள்: பாதுகாப்பே வேண்டாம் என்கிற மக்களுக்காக என் புருஷன் ஏன் போய்ச் சண்டை போட வேண்டும்? ஜான்சனிடம் பதில் இல்லை. தாய் செத்தபின் இப்படி ஒரு வலியை அவர் கண்ணில் பார்த்ததில்லை என்று லேடி பேர்ட் பதிவு செய்கிறார். எர்த்தா கிட் ஜனவரியில் கேட்ட அதே கேள்விதான், பெற்ற மகள் வாயிலிருந்து.

அன்று இரவு ஒன்பது மணிக்கு உரை. கேமரா ஓடுவதற்கு முன் கணவரிடம் போய் இவர் சொன்னது, நிதானமும் நாடகத்தன்மையும் மறக்க வேண்டாம் என்பதுதான். 1964 மார்ச் 7ல் 'பி பிளஸ்' போட்ட அதே வாத்தியார்.

அவசரமாகப் படிக்கிறவர்கள் 1964, 1968 பகுதிகளை மட்டும் எடுங்கள். வாஷிங்டன் பூங்காக்கள், கட்டடக் கலைஞர்களோடு கூட்டம் என்று நடுவில் வரும் பக்கங்கள் கொஞ்சம் இழுவை. ஆஸ்டின்வாசி சண்டைக்கு வருவார், தெரியும்.

---

ஆஸ்டின்வாசி

வருவேன்தான். ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளில் பூங்கா கேட்டதுதான் அவர் செய்ததிலேயே துணிச்சலானது என்பேன். சுற்றுலாப் பயணி பார்க்கிற நினைவுச்சின்னத்தைச் சுற்றித் துலிப் நட்டுவிட்டுப் போயிருக்கலாமே. அந்தப் பக்கங்களைத் தாண்டச் சொல்லாதீர்கள் சார்.

---

பின்பெஞ்ச்

சரி, படிக்கறேன். முழுசாவே. ஆனா முதல்ல அந்த மதிய விருந்தை மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும். எர்த்தா கிட் சுயசரிதை எழுதியிருக்காங்க, ஒண்ணுக்கு மேலயே. யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, தபால் செலவு என்னோடது. அடுத்த வருஷ இழையில என் தேர்வு அதுவாத்தான் இருக்கும்.